ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்கு இரண்டு நிமிடம்

மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர், செயலர், இயக்குநர்கள் அனைவருக்கும் வணக்கம்.

31 ஆண்டுகள் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றவன் நான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி வட்ட மருத்துவமனையில் முடித்தேன். ஊர்ச் சனங்களின் வாயில் கடைசி நாள் வரைக்கும் 'கம்பவுண்டர்'தான். இந்த மடலில் எந்த மருத்துவமனையையும் எந்த அதிகாரியையும் குறை சொல்ல நான் வரவில்லை. உங்களிடம் கேட்க எனக்கு இருப்பது ஒன்றுதான். மருந்து கொடுக்கிற ஜன்னலில் நோயாளியோடு பேசுவதற்கு மருந்தாளுநருக்கு நேரம் ஒதுக்குங்கள். உட்கார்ந்து பேச ஓர் இடமும் ஒதுக்குங்கள்.

எதற்காகக் கேட்கிறேன் என்பதை ஓர் ஆயாவை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முந்தைய ஓர் ஐப்பசி மாதம். அடைமழை. ஓ.பி. வெறிச்சோடிக் கிடந்தது. சுகருக்கு மாத்திரை வாங்க வந்திருந்த அந்த ஆயா, பஸ் வராததால் மருந்தறைக்கு உள்ளேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அறுபத்தைந்து வயதிருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அவர் நோட்டைப் புரட்டினேன். ஆறு மாதத்தில் இரண்டு முறை மாத்திரை அளவு கூடியிருந்தது. அப்படியும் சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் சுகர் 300-க்குக் கீழே இறங்கவில்லை.

"ஆயா, மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு நாளுகூட உடறதில்ல தம்பி. நீ சொன்னபடிதான் போடறேன்."

வழக்கமான நாளாக இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்து அடுத்த சீட்டு வந்திருக்கும். மழை விடவில்லை என்பதால், எந்த நேரத்துக்கு எதைப் போடுகிறீர்கள் என்று சும்மா கேட்டேன். மஞ்சப்பையிலிருந்து மாத்திரையை எல்லாம் எடுத்து மடியில் பரப்பினார். கிளிமிபிரைட் காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. மெட்ஃபார்மின் காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொன்று. சீட்டில் இருந்தது இதுதான். உறையில் நான் எழுதிக் கொடுத்ததும் இதுதான். அவர் சொன்னார்:

"காத்தால கூழு குடிச்சிட்டு வேலைக்குப் போயிடறேன். சாப்பாடுன்னா சோறுதானே தம்பி? ராத்திரிதானே சோறு ஆக்கறேன். சாப்பாட்டுக்கு முன்னன்னு சொன்னதையும் பின்னன்னு சொன்னதையும் ராத்திரியே போட்டுக்கறேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. கிளிமிபிரைட் சர்க்கரையை இறக்குகிற மாத்திரை. அதை ராத்திரி போட்டுக்கொண்டு படுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நடுராத்திரியில் ஏதாவது செய்கிறதா என்று கேட்டேன். "ஆமாம், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். வேர்த்து ஊத்தும். ஒரு துண்டு வெல்லத்த வாயில போட்டா அடங்கிடும். வயசாயிடுச்சில்ல, அதான்" என்றார். ராத்திரி முழுக்கச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, பகல் முழுக்க ஏறியிருக்கிறது. ஏறியதைப் பார்த்த டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். அவர் மேல் தப்பே கிடையாது. எழுதிக் கொடுத்தபடி சாப்பிடுகிறார் என்று நம்பித்தான் எந்த டாக்டரும் வைத்தியம் பார்ப்பார். கூட்டக் கூட்ட ராத்திரி வேர்வை அதிகமானதுதான் மிச்சம். இன்னும் ஒரு தடவை கூட்டியிருந்தால் ஒரு நாள் விடியற்காலை அந்த ஆயா எழுந்திருக்காமலே போயிருக்கலாம்.

உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அளவைக் குறைத்து எழுதினார். புது உறையில் ஒரு சூரியன் வரைந்து, பக்கத்திலேயே ஒரு சொம்பும் வரைந்து, "கூழு குடிக்கறதுக்கு முன்னால இது, குடிச்ச பின்னால இது" என்று மூன்று தடவை சொல்லி, அவரையும் திருப்பிச் சொல்ல வைத்து அனுப்பினேன். மூன்றாம் மாதம் சுகர் 180-க்கு வந்தது. ராத்திரி வேர்ப்பதும் நின்றது. டாக்டர் புது மாத்திரை எதுவும் சேர்க்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'சாப்பாட்டுக்குப் பின்' என்ற வார்த்தையை அந்த ஜன்னலில் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். காலையில் இட்லியோ கூழோ பழையதோ சாப்பிடுவதை எங்கள் பக்கத்தில் 'சாப்பாடு' என்று சொல்ல மாட்டார்கள். எனக்கும் அது தெரியும், என் அம்மாவும் அப்படித்தான் பேசுவார். தெரிந்திருந்தும் ஒரு நாளும் யோசிக்கவில்லை. அந்த ஜன்னலில் நின்றால் யோசிக்க முடியாது என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வருவது.

நான் நின்ற ஜன்னலின் கணக்கைச் சொல்கிறேன். காலை 8 மணி முதல் 12 மணி வரை ஓ.பி. சுகர், பிரஷர் நாளில் 300 சீட்டு வரும். ஒரே ஒரு ஜன்னல். 4 மணி நேரத்தை 300-ஆல் வகுத்தால் ஒருவருக்கு 48 விநாடி கிடைக்கிறது. அந்த 48 விநாடிக்குள் சீட்டைப் படிக்க வேண்டும், நான்கைந்து பெட்டியிலிருந்து மாத்திரையை எடுக்க வேண்டும், அட்டையைக் கத்தரித்து எண்ண வேண்டும், பதிவில் ஏற்ற வேண்டும், கையில் கொடுக்க வேண்டும். கம்பிக்கு நடுவே ஒரு கை நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை. உள்ளே இருப்பவர் குனிந்தால்தான் முகம் தெரியும், வெளியே இருப்பவரும் குனிந்தால்தான் குரல் கேட்கும். பின்னால் இருபது பேர் நெட்டித் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். மூல வியாதிக்கோ வெள்ளைப்படுதலுக்கோ மருந்து வாங்க வந்த பெண் அந்த இடத்தில் வாயைத் திறந்து என்ன சந்தேகம் கேட்பார்? வருடக்கணக்கில் நான் முகத்தைப் பார்க்காமல் கைகளுக்குத்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நீண்டநாள் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே எழுதியது. அதுவும் பணக்கார நாடுகளின் கணக்கு. வளரும் நாடுகளில் இன்னும் குறைவு என்றும் அதிலேயே இருக்கிறது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அரசு வாங்கி, சோதித்து, லாரியில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மாத்திரைகளில் எவ்வளவு மஞ்சப்பையிலேயே கிடக்கும் என்பது உங்களுக்கே விளங்கும்.

மக்கள் அலட்சியமாக இருக்கிறார்கள் என்று நம் கூட்டங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்தவர்களில் அலட்சியக்காரர்கள் மிகக் கொஞ்சம். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது, உட்கார வைத்துக் கேட்டால் அதைச் சொல்லவும் செய்தார்கள். "தலசுத்தல் நின்னுடுச்சு, அதான் பிரஷர் மாத்திரய நிறுத்திட்டேன்" என்பார் ஒருவர். தலைசுற்றல் இல்லாமலேயே பிரஷர் ஏறி நிற்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. "சுகர் மாத்திர சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்ற பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது. மாத்திரையைச் சாப்பிடாமல் சர்க்கரையை ஏறவிட்டால்தான் கிட்னி கெடும் என்பதை ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டார்கள். மூன்றாவது தடவை, அதுவும் தெரிந்த முகம் சொன்னால் நம்புவார்கள். எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற சிலருக்கு வறட்டு இருமல் வரும். அது மாத்திரையால் வருகிறது என்று தெரியாமல் மாதக்கணக்கில் மெடிக்கலில் இருமல் டானிக் வாங்கிக் குடித்த ஒரு டெய்லரை எனக்குத் தெரியும். டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை மாற்றித் தருவார், அவ்வளவுதான் விஷயம். கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரை போட்டதும் மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுவார்கள். 'கறுப்பாத்தான் போகும், பயப்படாதே. டீ, காபியோட மட்டும் போடாதே' என்று முதல் நாளே சொல்லிவிட்டால் நிறுத்த மாட்டார்கள்.

மாத்திரையின் நிறம் மாறுவதை மேலே இருப்பவர்கள் யோசித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994-ல் தொடங்கிய நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நாட்டுக்கே முன்மாதிரி. பல மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றியிருக்கின்றன. அதில் எனக்கு உண்மையிலேயே பெருமை உண்டு. ஆனால் டெண்டரில் கம்பெனி மாறும்போது மாத்திரையின் உருவமும் மாறிவிடும். போன மாதம் வெள்ளையும் வட்டமுமாக இருந்தது இந்த மாதம் நீளமாகவோ இளஞ்சிவப்பாகவோ வரும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு நிறம்தான் பெயர். "இது வேற மாத்திரை" என்று தூர வைப்பவர்கள் ஒரு பக்கம். வீட்டில் மிச்சமிருந்த வெள்ளையையும் புதுசையும் சேர்த்து இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டு மயங்கி விழுகிறவர்கள் இன்னொரு பக்கம். 'நிறம்தான் மாறியிருக்கு, மருந்து அதேதான்' என்று சொல்ல ஐந்து விநாடி போதும். 48 விநாடியில் அந்த ஐந்தும் மிஞ்சாது.

இன்சுலின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். நம் மருத்துவமனைகளில் கொடுக்கிற குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய ஊசி சிவப்பு மூடி போட்டது. 100 யூனிட் மருந்துக்கு உரியது ஆரஞ்சு மூடி. ஒரு பையன் தன் அப்பாவுக்கு ஊசி தீர்ந்துபோய், வெளியே கடையில் ஆரஞ்சு மூடி ஊசி வாங்கிப் போட்டிருக்கிறான். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். சீட்டில் 20 யூனிட். 100-க்கான ஊசியில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் 40 யூனிட் குப்பியிலிருந்து வருவது 8 யூனிட்தான். அப்பாவின் கால் புண் இரண்டு மாதம் ஆறவில்லை. இதுவே தலைகீழாக நடந்து, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு இழுத்திருந்தால் 50 யூனிட் உள்ளே போயிருக்கும், மனிதரின் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். அந்தப் பையன் பி.காம். படித்தவன், அப்பாவைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டவன். மூடியின் நிறத்துக்கு ஓர் அர்த்தம் உண்டென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்கு இன்சுலின் கொடுத்துக்கொண்டிருந்தது நான்தான்.

இன்ஹேலரில் வைத்து உறிஞ்ச வேண்டிய கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்த ஆஸ்துமாக்காரர், தைராய்டு மாத்திரையைக் காபியில் விழுங்குகிற டீச்சர் என்று இன்னும் எத்தனையோ. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தினமும் போட்டால் உயிரே போகலாம். அந்த மாத்திரை உறையில் 'ஞாயிறு மட்டும்' என்று கிழமையை எழுதி, சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போடாமல் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

இப்படிக் கூட இருந்து மருந்து சாப்பிட வைப்பதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஊர்களில் நம் சென்னையும் ஒன்று. காசநோய்க்காரர்களைச் சானடோரியம் என்கிற தனி மருத்துவமனையில் வைத்தால்தான் குணமாகும் என்று நம்பிய காலம். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையத்தில் (இன்று அதுதான் சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தலைமையில் ஒரு கூட்டத்தாரை வீட்டிலேயே வைத்தும் இன்னொரு கூட்டத்தாரைச் சானடோரியத்தில் வைத்தும் அதே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான குடிசை, அரைவயிற்றுச் சாப்பாடு. அப்படியிருந்தும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-ல் முடிவு வந்தது. உலகமே காசநோய் வைத்தியத்தை வீட்டுக்கு மாற்றிக்கொண்டது. அந்த ஆய்வில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு விட்டுவிடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். இன்றும் டி.பி. நோயாளியிடம் 'சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயப்படாதீங்க' என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். டி.பி.க்குக் காட்டுகிற இந்த அக்கறையைச் சுகருக்கும் பிரஷருக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இந்திய பார்மசி கவுன்சில் 2015-ல் கொண்டுவந்த தொழில் நடைமுறை விதிகளின்படி, நோயாளியிடம் பேச்சை மருந்தாளுநரே தானாகத் தொடங்க வேண்டும். மருந்தின் பெயர், எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள், எங்கே வைப்பது, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது. விதி வந்த வருடம் அதை அச்செடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஓய்வு பெறும்போது தாள் மஞ்சளாகியிருந்தது.

2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நான் நெஞ்சார வாழ்த்துகிறேன். பஸ் காசு இல்லாமல் மாத்திரையை விட்டவர்களுக்கு அது வாசலுக்கே வருகிறது. அந்தத் தன்னார்வலர் பெண்கள் வெயிலில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி அவர்களிடம் "இத்தப் போட்டா கால் வீங்குதும்மா" என்று சொன்னால் அதற்குப் பதில் சொல்லும் பாரத்தையும் அவர்கள் மேல் ஏற்றக் கூடாது. அவர்கள் போனில் கூப்பிட்டுக் கேட்க, அந்த வட்டாரத்துக்கு ஒரு மருந்தாளுநர் இருக்க வேண்டும். அது அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையால் வருகிற வீக்கமா, உடனே டாக்டர் பார்க்க வேண்டிய வீக்கமா என்று அவர் விசாரித்துச் சொல்வார். வீட்டில் மிச்சம் கிடக்கிற அட்டைகளை மாதம் ஒருமுறை எண்ணி எழுதிவரச் சொன்னால், யாரிடம் பேச வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

ஜன்னலுக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 300 பேருக்கும் இரண்டு நிமிடம் வேண்டாம், அது நடக்காது என்று எனக்கும் தெரியும். புதிதாக மருந்து தொடங்கியவர், மருந்து மாறியவர், அளவு கூடியவர், இன்சுலினோ இன்ஹேலரோ வாங்குகிறவர் என்று பார்த்தால் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர்தான். அவர்களுக்குத் தனியாக ஓர் இருக்கை, எதிரே ஒரு மருந்தாளுநர். பிறகு இரண்டு வாரம் கழித்து ஒரு போன். இங்கிலாந்தில் 2011 அக்டோபர் முதல் இதைச் செய்கிறார்கள். புது மருந்து தொடங்கியவரை ஓரிரு வாரத்தில் மருந்தாளுநர் கூப்பிட்டு விசாரிக்கிறார், பிறகு இன்னொரு முறையும் விசாரிக்கிறார். அந்தப் பேச்சுக்கு அரசே மருந்துக் கடைக்காரருக்குக் காசு தருகிறது. நமக்கு ஆளா இல்லை? ஃபார்ம்.டி. என்ற ஆறு வருடப் படிப்பு 2008-ல் நாட்டில் வந்தது. வார்டில் நோயாளியோடு பேசுவதற்கென்றே படித்த பிள்ளைகள் வருடா வருடம் நம் கல்லூரிகளிலிருந்து வெளியே வருகிறார்கள். என் நண்பர் மகள் அதைப் படித்துவிட்டு ஐ.டி. கம்பெனியில் மெடிக்கல் கோடிங் செய்துகொண்டிருக்கிறாள்.

உறையை மறக்க வேண்டாம். சூரியனும் நிலாவும் பெரிதாக அச்சடித்த, காலை மதியம் இரவு என்று கட்டம் போட்ட கெட்டி உறை எல்லா மருத்துவமனைக்கும் தடையில்லாமல் வர வேண்டும். உறை தீர்ந்த நாட்களில் அட்டைத் துண்டுகளைப் பழைய சீட்டில் மடித்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தீர்கள். விலை குறைவு, நல்ல காரியம். அங்கே இருப்பவர்களும் படித்த மருந்தாளுநர்கள்தானே. இந்தப் பேச்சும் அங்கே கிடைக்கட்டும்.

எங்களிடம் எதை எண்ணி வாங்குகிறீர்களோ அதைத்தான் நாங்கள் செய்வோம். இன்று மாதக் கடைசியில் நாங்கள் அனுப்புவது இருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு, காலாவதி எவ்வளவு என்பதுதான். எத்தனை பேரிடம் உட்கார்ந்து பேசினாய், எத்தனை பேர் மாத்திரையை விட்டிருந்ததைக் கண்டுபிடித்தாய் என்று அதே தாளில் ஒரு பத்தி சேருங்கள்.

ஆயாவைச் சந்தித்த பிறகு நானாக ஒரு காரியம் செய்தேன். மருந்தறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு முக்காலி போட்டேன். புது சுகர் நோயாளிகளை 12 மணிக்கு மேல் இருக்கச் சொல்லி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பையைக் கவிழ்க்கச் சொல்லிப் பேசுவேன். நாளைக்கு ஏழெட்டுப் பேர். சாப்பாடு மூன்று மணிக்குத்தான். ஆண்டு இருப்பு எடுக்கிற மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், உடன் வேலை செய்தவர் மாற்றலாகிப் போய் ஒன்றரை வருடம் இடம் காலியாகக் கிடந்தபோதும் அதைச் செய்ய முடியவில்லை. பேசியவர்களின் பெயர்களை எழுதிய இரண்டு நீளநோட்டுகளை ஓய்வு பெறும் நாளில் அடுத்து வந்த தம்பியிடம் கொடுத்தேன். நல்ல பையன், ஆசையாக வாங்கிக்கொண்டான். போன மாதம் என் பிரஷர் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். ஜன்னலில் அவன் ஒருவன்தான், வரிசை வாசலைத் தாண்டி நின்றது. முக்காலி குளுக்கோஸ் பெட்டிகளுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்துப் போட்டு உட்கார அவனுக்கு ஓர் உத்தரவும், ஜன்னலில் நிற்க இன்னோர் ஆளும் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்